கச்சாப் படச்சுருளும் தொகுப்பாளனின் மேசையும்

படத்தொகுப்பு என்பது வெறுமனே வெட்டி ஒட்டும் தொழில் என்று கருதுவோர் நம்மிடையே இன்னும் உளர். கமரா உண்மையைப் பிடித்துத் தருகின்றது. தொகுப்பாளன் அதற்கு ஓர் ஒழுங்கைக் கொடுக்கின்றான். அவ்வளவே என்பது அவர்தம் எண்ணம். இந்த எண்ணம் எத்துணைப் பிழையானது என்பதை, ஏறத்தாழ ஒரே காலப்பகுதியின் பழஞ்சுருள்களைக் கொண்டு உருவான இரு படங்களை ஒப்புநோக்குவோர் உணர்வர். ஒன்று, 1927இல் சோவியத் நாட்டில் எஸ்பிர் ஷூப் என்னும் பெண் தொகுத்த 'ரொமனோவ் வம்சத்தின் வீழ்ச்சி'. மற்றது, பீற்றர் ஜக்சன் 2018இல் வெளியிட்ட 'தே ஷல் நொட் க்ரோ ஓல்ட்'.

ஷூப் கையாண்டவை பெரும்பாலும் பிறர் எடுத்த சுருள்களே. பழைய செய்திப்படங்களையும், ஜார் மன்னனின் அரண்மனைக்கெனப் பிடிக்கப்பட்ட சுருள்களையும் தேடிச் சேகரித்தார். ஏறத்தாழ 60,000 மீற்றர் சுருளைப் பார்த்தார். முடிந்த படத்திலே இடம்பெற்றது சுமார் 1,500 மீற்றர், அதாவது நாற்பதில் ஒரு பங்கு. கப்பலின் மேற்றளத்தில் பிரபுக்கள் வியர்க்க வியர்க்க நடனமாடுகின்றனர். அடுத்து, மண்வெட்டும் உழைப்பாளியின் வியர்வையைக் காண்கின்றோம். இவ்விரு துண்டுகளையும் எடுத்தவர்கள் இப்படியொரு பொருளைக் கனவிலும் கருதியிருக்கமாட்டார்கள். மன்னனின் புகழுக்காக எடுக்கப்பட்ட சுருளே மன்னராட்சிக்கு எதிரான சாட்சியாக மாறிவிடுகின்றது. ஷூப் காட்சியின் மீது எதையும் பூசவில்லை. ஒன்றன் பக்கத்தில் மற்றொன்றை வைத்தார். அந்த வைப்பு முறையிலேதான் அவருடைய வர்க்கப் பார்வை தெளிவாகின்றது.

ஜக்சனின் கைக்கு வந்தது, பிரித்தானியப் போர் நூதனசாலையின் ஏறத்தாழ 100 மணி நேரப் படமும், முதல் உலகப்போரில் பங்குகொண்டோரின் சுமார் 600 மணி நேர ஒலிப்பதிவும். கையாற் சுழற்றி எடுக்கப்பட்ட அச்சுருள்களின் வேகத்தைச் சீராக்கி, வண்ணமும் ஒலியும் சேர்த்தார். இதனால் விளைந்த நன்மையை நாம் மறுக்கவில்லை. பொம்மைகள் போலத் துள்ளி நடந்தவர்கள் இங்கே மனிதர்களாக நடக்கின்றார்கள். அகழியிலே நிற்கும் தொழிலாளி மகனின் முகத்தை நாம் முகமாகவே காண்கின்றோம். நேரடிச் சண்டையைக் காட்டும் படம் இல்லாதவிடத்துப் பழைய சஞ்சிகைச் சித்திரங்களைக் காட்டியதும் நேர்மையான செயலே. சித்திரத்தைச் சித்திரம் என்று எவரும் அறிவர்.

ஆனால், மற்றைய இடங்களில் நடந்தது என்ன? விநாடிக்கு 13 சட்டங்களாக எடுக்கப்பட்ட ஒரு காட்சியை 24 ஆக்கினால், குறைந்தது 11 சட்டங்கள் கணினி கற்பித்துத் தந்தவை. கமரா காணாத கணங்கள் அவை. எது எடுக்கப்பட்டது, எது இட்டு நிரப்பப்பட்டது என்று பார்வையாளனுக்குத் தெரிவதில்லை. காட்சிகளுக்கு இடமும் நாளும் குறிக்கப்படவில்லை. பேசும் குரல்களுக்குரியோரின் பெயர் அவர்கள் பேசும்போது சொல்லப்படுவதுமில்லை. மேற்கு முனையிலே நின்ற பிரித்தானியக் காலாட்படையினனின் கதையே போரின் கதையாகி விடுகின்றது. 1915 மார்ச்சில் நியூவ் சப்பலில் போரிட்டு மடிந்த இந்தியச் சிப்பாய்களுக்கு இங்கே இடமில்லையென்றே சொல்லலாம். போர் யாருடைய நலனுக்காக நடந்தது என்ற கேள்வியும் எழவில்லை. தேர்ந்தெடுப்பது குற்றமன்று, ஷூப்பும் தேர்ந்தெடுத்தவரே. தேர்வு நிகழ்ந்ததென்பதே தெரியாதபடி அதனை மெருகிட்டு மறைப்பதுதான் நமக்கு உடன்பாடற்றது.

இவ்விவாதம் பெருங்கலைஞர்களுக்கு மட்டும் உரியதென்று எண்ணிவிடலாகாது. 1989இல் அவிட், 1991இல் பிரீமியர், 1999இல் ஃபைனல் கட் புரோ என்று தொகுப்புக் கருவி படிப்படியாகச் சாதாரண மேசைக்கு இறங்கி வந்தது. டாவின்சி ரிசோல்வ் போன்ற மென்பொருளின் ஒரு பதிப்பு இன்று இலவசமாகவே கிடைக்கின்றது. முன்னர் ஸ்தாபனங்களின் உடைமையாயிருந்த சாதனம் மாணவனின் கைக்கு எட்டியிருப்பது வரவேற்கத்தக்கதே. ஆயினும், 2013 முதல் அடோபி நிறுவனம் தன் புதிய பதிப்புகளை வாடகைக்கே தருகின்றது என்பதையும் மறத்தலாகாது. கருவி கைக்கு வந்தாலும் உடைமை கைமாறவில்லை.

கணினித் தொகுப்பிலே மூலக் கோப்பு வெட்டப்படுவதில்லை. எந்தக் கணத்தில் தொடங்கி எந்தக் கணத்தில் நிறுத்துவது என்ற குறிப்பு மாத்திரமே எழுதப்படுகின்றது. மூலத்தை அழிக்காது காக்கும்வரை, ஒதுக்கப்பட்டவை அனைத்தும் அப்படியே இருக்கும். எனவே, 'ஏன் இதை விட்டாய்?' என்று தொகுப்பாளனைக் கேட்கவும் அவன் விடையிறுக்கவும் எந்நாளும் வழியுண்டு. இது பெரியதோர் அறப்பொறுப்பு. ஆனால், வெட்டுவது எளிதாகிவிட்டதால் பார்ப்பதும் எளிதாகிவிடவில்லை. எடுத்தது எல்லாவற்றையும் முழுமையாகப் பார்க்காமல், கண்ணைக் கவரும் துண்டுகளை மட்டும் கோத்து, இசையால் இடைவெளியை நிரப்பிவிட்டு 'இதுவே நிகழ்ந்தது' என்று கூறுவோர் பெருகிவிட்டனர்.

நம் ஆசிரியர்கள் இதனை வகுப்பறைக்குக் கொண்டுசெல்லவேண்டும். ஒரே கச்சாக் காட்சியை மூன்று மாணவர்களிடம் கொடுத்து மூன்று படங்கள் செய்யச் சொல்வது நல்ல பயிற்சி. எவன் எதை விட்டான், எதன் பக்கத்தில் எதை வைத்தான், யார் பக்கம் நின்றான் என்பவற்றை அவர்களே விவாதிக்கட்டும். அவ்வாறு பயின்றவனை எந்தச் செய்திப்படமும் எளிதில் ஏமாற்றிவிட முடியாது.