பேயை எழுதுவது சுலபம்

கெடாவில் எழுத வருகிற யாருக்கும் கதைக்குப் பஞ்சமில்லை. மெர்போக் பக்கம் போனால் பூஜாங் பள்ளத்தாக்கின் சண்டிகள். பாலிங் பக்கம் போனால் கோரைப்பல் ராஜா பெர்சியோங். தோட்டத்து எல்லையில் முனி. விநோதத்தைத் தேடினால் கதை கிடைக்கும் என்கிறோம். கிடைக்கத்தான் செய்கிறது. ஆனால் பெரும்பாலும் ஒரே கதை: இருட்டு, ரப்பர் காடு, வெள்ளைப் புடவை, கடைசி வரியில் ஒரு திடுக்.

நானும் அப்படி ஒன்று எழுதினேன். 1981இல் லுனாஸில் விஷச் சம்சு குடித்துப் பலர் செத்துப்போன சம்பவம்தான் கரு. என் கதையில் செத்தவர்கள் பேயாகத் திரும்பி வந்து கடைக்காரனிடம் நியாயம் கேட்டார்கள். அந்தக் காலத்தில் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய ஒரு பாட்டியிடம் வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "பேயி வந்துச்சு, சரி. அந்தப் பொம்பளைங்க மறுநாளு வேலைக்குப் போனாளுங்களா இல்லியா? அத எழுதலியேய்யா நீ."

என்னிடம் பதில் இல்லை. நான் அதை யோசிக்கவே இல்லை.

ம.நவீனின் 'பேய்ச்சி' (2019) அதே லுனாஸ் சம்பவத்தைத் தொடுகிற நாவல். 2020இல் உள்துறை அமைச்சு அதைத் தடை செய்தது. தடையைப் பற்றிப் பேசிய அளவுக்கு நாவலைப் பற்றி நாம் பேசவில்லை. மறுபடி வாசித்தபோதுதான் நான் கோட்டை விட்ட இடம் தெரிந்தது. அங்கே பேய்ச்சி பயமுறுத்த வருகிற உருவம் அல்ல. காக்கிற தாயும் அழிக்கிற தாயும் ஒருத்தியே என்ற நாட்டார் நம்பிக்கை, மனுஷர்களின் அன்பையும் ஆவேசத்தையும் புரிந்துகொள்ளும் வழியாகிறது. சிறுதெய்வம் ஒன்று, பழைய செய்தித்தாள் ஒன்று, இரண்டையும் கூட்டினால் நாவல் என்று அதைப் பார்த்து நாம் கணக்குப் போட்டால் தோற்றுப்போவோம்.

ராஜா பெர்சியோங் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். சமைக்கிறவரின் விரல் வெட்டுப்பட்டு ரத்தம் கீரைக்கறியில் விழுகிறது. ருசி பிடித்துப்போய் ராஜா மேலும் மேலும் கேட்கிறான். துங்கு அப்துல் ரஹ்மான் எழுதி, 1968இல் படமாகவும் வந்த கதை. எல்லாரும் கோரைப்பல்லைத்தான் பார்க்கிறோம். அது யாருடைய விரல்? லயத்தில் பிறந்தவனுக்கு முதலில் வர வேண்டிய கேள்வி இது.

விடை தெரியாத சம்பவத்துக்கு எழுத்தாளன் விடை கண்டுபிடிக்க வேண்டியதில்லை. குற்றவாளியைக் கற்பனையில் பிடித்துக் கொடுப்பதும் ஆபத்துதான். செத்தவர்களின் பிள்ளைகள் இன்னும் நம் நடுவே இருக்கிறார்கள். ஆனால் அவர்களிடம் போய் உட்காரலாம். ரப்பர் போய் செம்பனை வந்தது, செம்பனை போய் தாமான் வருகிறது. நினைவு வைத்திருப்பவர்களுக்கு வயசாகிவிட்டது. பேய் எங்கேயும் போகாது, பாட்டி போய்விடுவார்.

கதையைத் திரும்ப எழுதுகிறேன். பேய் இல்லை. மறுநாள் காலைப் பெரட்டில் யார் யார் வந்து நின்றார்கள் என்பதிலிருந்து தொடங்குகிறது.