மாலை ஐந்து மணி யாருடையது?

பள்ளி விட்டபின் நடக்கும் ரோபோட்டிக்ஸ், லெகோ வகுப்புகளின் விளம்பரங்களில் இப்போதெல்லாம் ஒரு பெண்குழந்தையை அடிக்கடி பார்க்கிறோம். கையில் பல்சக்கரம், முகத்தில் வியப்பு. அவள் அங்கே இடம்பெறுவது நல்லதுதான். ஆனால் அந்த வகுப்புக்கு அவளால் வர முடிகிறதா?

பொம்மையே இந்தக் கேள்வியை ஒருமுறை தவறாகப் புரிந்துகொண்டது. 1981இல் வந்த லெகோ விளம்பரத்தில் ஜீன்ஸ் அணிந்த சிறுமி, தான் கட்டியதை ஏந்திச் சிரித்தபடி நிற்பாள். 2012இல் அதே நிறுவனம் பெண்பிள்ளைகளுக்கென்று ‘லெகோ ஃப்ரெண்ட்ஸ்’ கொண்டுவந்தது. இளஞ்சிவப்பும் ஊதாவும், அழகு நிலையமும் காஃபி கடையும். பெண்ணியவாதிகள் அந்த நிறப் பிரிவினையைச் சாடியது நியாயமே. ஆனால் நிறத்தை மாற்றினாலும் மாறாத ஒன்று இருக்கிறது: நேரம்.

புழலில் ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். அம்மா செங்குன்றம் அரிசி ஆலையிலோ மாதவரம் கிடங்கிலோ வேலை முடித்து வரும்வரை, தம்பியைப் பார்த்துக்கொள்வதும் குடம் நிரப்புவதும் உலை வைப்பதும் மூத்த மகளின் பொறுப்பு. ஒரு பிள்ளைக்குத்தான் கட்டணம் கட்ட முடியும் என்றால் யார் பெயர் எழுதப்படும் என்று சொல்ல வேண்டியதில்லை. வகுப்பு முடிந்து ஜி.என்.டி. சாலையில் இருட்டில் திரும்ப வேண்டும் என்றால், இலவசம் என்றாலும் அவளை அனுப்பமாட்டார்கள்.

2021இல் தமிழக அரசு தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ இதை ஓரளவு உணர்ந்திருந்தது. மாலை வகுப்பு தெருவுக்கே வந்தது. ஆனால் அதைச் சுமந்த தன்னார்வலர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. ஒரு சிறுமிக்கு மாலையைத் தர இன்னொரு பெண்ணின் மாலை மலிவாக எடுக்கப்பட்டது. அவள் பாடம் நடத்திய நேரத்தில் அவள் வீட்டு அடுப்பை யார் பார்த்தார்கள்?

2022 நவம்பரில் திருச்சியில் தொடங்கப்பட்ட ‘வானவில் மன்றம்’ வேறு வழியில் போனது. அரசுப் பள்ளிகளின் 6 முதல் 8ஆம் வகுப்பு மாணவர்களுக்கு, எளிய பொருள்களைக் கொண்டு அறிவியல், கணிதச் செயல்பாடுகள் பள்ளிக்குள்ளேயே நடந்தன. வீட்டில் அனுமதி கேட்க வேண்டாம், இருட்டுக்கு அஞ்ச வேண்டாம். ஸ்டெம் என்ற சொல்லைக் கேள்விப்படாத வீட்டுப் பெண்ணும் அதில் இருப்பாள்.

அங்கும் கவனம் வேண்டும். குழுவாகச் செய்யும்போது ஸ்க்ரூடிரைவர் பையன் கைக்கும், குறிப்பெழுதும் நோட்டு பெண் கைக்கும் போவது நம் வகுப்பறைகளின் பழைய வழக்கம். கையெழுத்து அழகாக இருக்கிறது என்ற பாராட்டோடு அவள் ஓரமாக உட்கார்ந்துவிடுவாள். அந்தக் கருவியை முறைவைத்துக் கைமாற்ற ஆசிரியருக்குப் பணம் எதுவும் தேவையில்லை.

அடுத்த முறை ஒரு வகுப்பின் விளம்பரத்தில் சிறுமியின் படத்தைப் பார்த்தால், எத்தனை மணிக்கு நடக்கிறது, அவளை யார் வீட்டில் கொண்டுவிடுவார்கள் என்று கேட்போம்.