செலொப்பியாத்தின் குமாரத்திகளும் மனாசேயின் பத்துப் பங்குகளும்

யோசுவா நூலின் 13 முதல் 19 வரையிலான அதிகாரங்கள் கானான் நிலம் இஸ்ரவேல் கோத்திரங்களுக்குப் பங்கிடப்பட்டதை விவரிக்கின்றன. எல்லைக் குறிப்புகளும் ஊர்ப் பட்டியல்களும் மிகுந்த இப்பகுதியில் தனித்துத் தெரிவது ஒரு வழக்கு (17:3-6). மனாசே கோத்திரத்துச் செலொப்பியாத்துக்கு ஆண்மக்கள் இல்லை. அவனுடைய குமாரத்திகளான மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள் ஆகிய ஐவரும் நிலப்பங்கைக் கேட்டுப் பெறுகின்றனர். இதனைப் பெண் சொத்துரிமையின் தொன்மைச் சான்றாகக் காட்டுவது வழக்கம். அவ்வாறு காட்டுவோர் பெரும்பாலும் எண்ணாகமம் 27ஆம் அதிகாரத்தோடு நின்றுவிடுகின்றனர்.

அவ்வதிகாரத்திலேயே ஐவரும் முன்வைக்கும் வாதம் தந்தையின் பெயர் அற்றுப்போகக் கூடாது என்பதுதான். 36ஆம் அதிகாரத்தில் கீலேயாத் வம்சத் தலைவர்கள் மறுப்புடன் வருகின்றனர். இப்பெண்கள் பிற கோத்திரத்தாரை மணந்தால் நிலமும் உடன்செல்லும் என்பது அவர்களின் அச்சம். தீர்வாக அகமண விதி பிறக்கிறது. ஐவரும் தந்தையின் சகோதரர் மக்களையே மணக்கின்றனர். தமிழ் விவிலியம் இவ்விடங்களில் ஆளும் ‘சுதந்தரம்’ என்னும் சொல்லை இன்றைய விடுதலைப் பொருளில் வாசிப்பவர் இங்கே தடுமாறக்கூடும். மரபுரிமை என்பதே அங்கு அதன் பொருள்.

யோசுவா 17ஆம் அதிகாரமோ அம்மண விதியைச் சுட்டவேயில்லை. அதன் கணக்கும் வேறு. மனாசேயின் ஆண்வழி வம்சங்கள் ஆறு. செலொப்பியாத் அவற்றுள் ஏப்பேரின் மகன். குமாரத்திகள் தந்தையின் பங்கை மட்டும் பெற்றிருந்தால் பங்குகள் ஆறாகவே இருந்திருக்கும். நூல் கூறுவது பத்து: ஏப்பேர் நீங்கலாக ஐந்து, குமாரத்திகளுக்கு ஐந்து. அதாவது, ஒவ்வொரு பெண்ணும் ஒரு முழு வம்சத்துக்கு நிகராக எண்ணப்படுகிறாள்.

1910ஆம் ஆண்டு ஹார்வர்டு பல்கலைக்கழக அகழாய்வில் சமாரியாவில் கிடைத்த, மையால் எழுதப்பட்ட பானையோடுகள் இக்கணக்கிற்கு விளக்கம் தருகின்றன. கி.மு. 8ஆம் நூற்றாண்டைச் சார்ந்த இவை திராட்சை இரசமும் எண்ணெயும் வந்துசேர்ந்ததைப் பதிந்த குறிப்புகள். அவற்றில் அபியேசேர், ஏலேக், சீகேம் முதலிய மனாசே வம்சப் பெயர்களோடு நோவாள், ஒக்லாள் என்பனவும் நிலப்பகுதிகளின் பெயர்களாக வருகின்றன. திர்சா என்பதோ, சமாரியாவுக்கு முன் வட இஸ்ரவேல் அரசின் தலைநகராக விளங்கிய ஊர். எனவே பட்டியலில் உள்ளவை ஐந்து நிலப்பகுதிகள் என்றும், அவற்றை வம்சாவளியில் பொருத்தவே குமாரத்திகளின் கதை எழுந்தது என்றும் கொள்ளுதல் பொருந்தும்.

ஆயினும் இவ்விளக்கம் முழுமையானதன்று. சீகேமும் ஊர்தான், அது பட்டியலில் மகனாகவே இடம்பெற்றுவிட்டது, வழக்கு எதுவும் தேவைப்படவில்லை. ஊர்ப்பெயரைக் குமாரத்தியாக்குவதற்குப் பெயரின் பெண்பால் வடிவம் போதுமான காரணமாகலாம். அக்குமாரத்திகளை ஆசரிப்புக் கூடார வாசலில், மோசேக்கும் எலெயாசாருக்கும் சபையார் அனைவருக்கும் முன்பாக நிறுத்தி வாதாட வைப்பதற்கு அது காரணமாகாது. ஆண்மக்கள் இல்லாத வீட்டின் நிலம் யாருக்கு என்னும் வினா அச்சமூகத்தில் உண்மையாகவே எழுந்திருக்க வேண்டும். எண்ணாகமத்தின் இறுதி அதிகாரம் மீண்டும் அவ்வினாவுக்கே திரும்புவதும் அதனால்தான்.