அந்நிய மண்ணில் இளம் நாயகர்கள்: சிறார் மிகுபுனைவில் ஒரு நூற்றாண்டு மாற்றம்

சின்ன வயதில் வீட்டைவிட்டுக் கிளம்பி, பேச்சும் வழக்கமும் பிடிபடாத ஒரு நாட்டுக்குள் நுழைந்து, எதையோ தேடி அடைவது சிறார் மிகுபுனைவின் பழைய கதைக்கூறுகளில் ஒன்று. தேடுகிற பொருள் வாளாக இருக்கலாம், உடைந்த வளையமாக இருக்கலாம். அந்த நாட்டில் ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருப்பவர்களுக்குக் கதையில் என்ன இடம் என்பதுதான் என் கேள்வி. நாயகனுக்கு எதிரே நிறுத்தப்பட்ட தடைகளா அவர்கள், அல்லது சொந்த நியாயமும் சொந்த நினைவும் உள்ளவர்களா? இந்த வகை நூல்களின் தரத்தை அளக்க இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

ரைடர் ஹாகார்டின் ‘கிங் சாலமன்ஸ் மைன்ஸ்’ 1885இல் வெளிவந்தது. நாயகர்கள் வளர்ந்த ஆண்கள்தான் என்றாலும், நூலைச் சிறுவர், பெரியவர் எனப் பையன்கள் எல்லாருக்கும் காணிக்கையாக்கியிருந்தார் ஹாகார்ட். கிரகணம் வரப்போவதைப் பஞ்சாங்கம் பார்த்துத் தெரிந்துகொண்ட வெள்ளையர், அதைத் தங்கள் மந்திர சக்தியாகக் காட்டி ஆப்பிரிக்க மக்களை மிரளவைக்கும் காட்சி அதில் உண்டு. வந்தவனுக்கு அறிவு, இருந்தவனுக்கு அச்சம் என்கிற இந்தப் பங்கீடு பின்னால் வந்த எத்தனையோ கதைகளுக்கு அச்சாகிவிட்டது.

சி. எஸ். லூயிஸின் ‘தி ஹார்ஸ் அண்ட் ஹிஸ் பாய்’ (1954) நார்னியா வரிசையில் ஒன்று. தெற்கே கலோர்மென் நாட்டு மீனவனின் குடிசையில் வளரும் ஷாஸ்டா, பேசும் குதிரையோடு வடக்கே தப்பி ஓடுகிறான். தலைப்பாகையும் வளைந்த வாளும் கருத்த முகமுமாகக் கலோர்மென் மக்கள் வருகிறார்கள். கொடுங்கோன்மை அவர்களுடையது, சுதந்திரம் வெளுத்த வடக்கத்தியருடையது. கலோர்மென் பெண்ணான அராவிஸுக்கு லூயிஸ் துணிச்சலைக் கொடுக்கிறார். கதை சொல்வதை அந்த நாட்டார் கலையாகவே கற்கிறார்கள் என்றும் பாராட்டுகிறார். ஆனாலும் கதையின் திசை ஒன்றேதான்: அங்கிருந்து வெளியேறுவதே விடுதலை.

ராபின் மெக்கின்லியின் ‘தி ப்ளூ ஸ்வார்ட்’ (1982) இதைத் திருப்பிப் போட முயன்றது. பேரரசின் எல்லைப்புறப் பாலைவனத்துக்கு வந்துசேரும் அநாதைப் பெண் ஹாரியை மலைவாழ் மக்களின் அரசன் கடத்திச் செல்கிறான். அவர்களுடைய மொழியையும் குதிரையேற்றத்தையும் வாள்வீச்சையும் அவள் கற்கும் பக்கங்களில் உண்மையான பணிவு இருக்கிறது. கடைசியில் அந்த மக்களைக் காப்பாற்றுவதும் அவளே. அவளுக்கு மலைவாழ் முன்னோர் உண்டு என்று சொல்லி நூல் இதைச் சமன்செய்யப் பார்க்கிறது. மலை நாட்டாரின் மீட்பு வெளியிலிருந்து வந்தவள் கையில்தான் இருக்கிறது என்ற உறுத்தல் அதனால் தீர்ந்துவிடவில்லை.

உண்மையான திருப்பம் அதற்கு முன்பே, உர்சுலா லெ குவின்னிடம் நிகழ்ந்துவிட்டது. தந்தை ஆல்ஃபிரட் க்ரோபர் அமெரிக்காவின் முன்னோடி மானிடவியலாளர். தாய் தியோடோரா, யாஹி பழங்குடியின் கடைசி மனிதராக அறியப்பட்ட இஷியின் வாழ்வை 1961இல் நூலாக எழுதியவர். பிறர் பண்பாட்டைக் கவனித்துக் கேட்கும் வீட்டில் வளர்ந்தவருடைய எழுத்து இது. ‘எ விசர்ட் ஆஃப் எர்த்ஸீ’ (1968) நாவலின் நாயகன் கெட் செம்பழுப்பு நிறத்தவன். அவன் ஊரைக் கொள்ளையிட வரும் கார்க் மக்களே வெள்ளையர். 2004இல் வந்த தொலைக்காட்சித் தொடர் கெட்டை வெள்ளையனாக்கியபோது லெ குவின் வெளிப்படையாகவே கண்டித்தார்.

‘தி டூம்ஸ் ஆஃப் அதுவான்’ (1971) இன்னும் ஆழமாகப் போகிறது. வழக்கமான நூலாக இருந்தால் கெட் கார்க் நாட்டுக் கோயிலுக்குள் நுழைந்து உடைந்த வளையத்தின் மறுபாதியை எடுப்பதுதான் கதையாகியிருக்கும். லெ குவின் அந்தக் கோயிலின் இளம் பூசாரியான டெனாரின் கண்வழியே எழுதுகிறார். நூலின் கணிசமான பகுதி கடந்த பிறகே கெட் வருகிறான், அதுவும் திருடனாக. விளக்கே கூடாத நிலவறையில் கைத்தடவலாலேயே வழி பழகியவள் டெனார். ஒருநாள் அங்கே வெளிச்சத்தைப் பார்க்கிறாள்: அந்நியனின் கோல் நுனியில் ஒளி. தான் காவல்காக்கும் குகையின் சுவர்களெல்லாம் படிகங்களாக மின்னுவதை முதல்முறையாகக் காண்கிறாள். தீட்டுப்பட்டுவிட்டதே என்ற சினமும் இத்தனை அழகா என்ற வியப்பும் ஒன்றாக எழுகின்றன. அவனை உள்ளே வைத்துப் பூட்டுகிறாள்; பிறகு தாகத்தில் சாகக் கிடப்பவனுக்குத் தண்ணீர் கொண்டுபோகிறாள். வெளியேறும்போது அவனுடைய மந்திரம் இருளின் சக்திகளைத் தடுத்து நிற்க, சுரங்கத்தின் திருப்பங்களை நினைவில் வைத்து வழிநடத்துவது அவள். ஒருவர் இல்லாமல் மற்றவர் பிழைக்க முடியாது. 1990இல் வந்த ‘டெஹானு’வில் அதே டெனார் கெட்டின் தீவில் குடியானவனின் விதவையாக, ஊரார் கண்ணுக்கு என்றும் வெளியாளாக வாழ்கிறாள். வேற்று நாட்டில் வாழ்வதன் விலையை இவ்வளவு நேர்மையாகச் சொன்ன மிகுபுனைவு குறைவு.

ஜப்பானின் நஹோகோ உயெஹாஷி, ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளிடையே களப்பணி செய்த மானிடவியலாளர். 2014இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது பெற்றவர். அவருடைய ‘மொரிபிதோ’ வரிசை 1996இல் தொடங்கியது. இளவரசன் சாகுமின் உடலுக்குள் நீர்த் தெய்வத்தின் முட்டை குடியேறிவிட, அரண்மனையே அவனைக் கொல்லத் துணிகிறது. கூலிக்குக் காவல்புரியும் ஈட்டிவீராங்கனை பால்சாவுடன் அவன் எளிய மக்களிடையே ஒளிந்து வாழ்கிறான். அரசகுலத்தின் மூதாதை நீர்ப் பிசாசைக் கொன்று நாட்டை நிறுவியதாக அரசு வரலாறு சொல்கிறது. மண்ணின் பழங்குடிகளான யாகூ மக்களின் நினைவில் அந்தத் தெய்வம் மழை தருவது. முட்டை பொரியாவிட்டால் வறட்சி. சாகும் பிழைக்க வேண்டுமானால், ஆண்டவர்கள் எழுதிய வரலாற்றைத் தாண்டி, ஆளப்பட்டவர்களின் சிதறிய கதைகளைச் சேர்த்தாக வேண்டும். அவன் அந்நியனாக நிற்பது சொந்த நாட்டிலேயே என்பதுதான் இந்த வரிசையின் சாதனை.

நெடி ஒகோராஃபோரின் ‘அகாட்டா விட்ச்’ (2011) நாயகி சன்னி நியூயார்க்கில் பிறந்து நைஜீரியாவின் அபா நகரில் வளர்பவள். இரண்டு ஊரிலும் முழுதாக ஒட்டாதவள். அவள் நுழையும் மாயச் சமூகத்தில், புதிதாக ஒன்றைக் கற்றதும் வானிலிருந்து காசு விழும். தென்கிழக்கு நைஜீரியாவில் உண்மையிலேயே புழங்கிய ‘இன்சிபிடி’ குறியெழுத்து இந்த நாவலில் மந்திர எழுத்தாகிறது. ஹாகார்டின் கண்டத்தை அந்த மண்ணோடு உறவுள்ள ஒருவர் எழுதும்போது, அறிவு இருக்கும் இடமே மாறிவிடுகிறது.

இந்த நூல்களை வரிசையாகப் படித்தால் ஒன்று தெளிவாகிறது. வரைபடம், புதுப்பெயர்கள், விநோத உணவு, உடை ஆகியவற்றை அடுக்குவதால் ஒரு பண்பாடு உருவாகிவிடாது. நாயகனுக்குத் தெரியாததும், அவனுக்காகக் காத்திராததுமான ஓர் அறிவு அந்த மக்களிடம் இருக்க வேண்டும். தேடல் அந்த அறிவைச் சார்ந்து நிற்க வேண்டும். லெ குவின்னும் உயெஹாஷியும் இதைச் செய்தார்கள். அதனால்தான் அவர்களுடைய நூல்கள் வளர்ந்தபின்னும் வாசிப்புக்குத் தாங்குகின்றன. பிள்ளைகளுக்கு இந்த வகையில் ஒரே ஒரு நூல் வாங்கித்தர முடியுமென்றால் ‘அதுவான்’ நாவலையே கொடுங்கள். லூயிஸைப் பிறகு படிக்கட்டும். கலோர்மென் மக்கள் தரப்பில் நின்று கேள்வி கேட்க அதற்குள் அவர்கள் பழகியிருப்பார்கள்.