சவப்பெட்டிக்குள்ளிருந்து வந்த பாட்டு: ஷ்வார்ட்ஸ் ஐயரின் மரணக் கதை பற்றி ஒரு திறனாய்வு

சென்ற ஆண்டு ஆவடிக்கு அருகில் ஓர் அடக்க ஆராதனைக்குச் சென்றிருந்தோம். தொழிற்சாலைப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற சபை மூப்பர் ஒருவரின் அடக்கம் அது. வெளிநாட்டிலிருந்து மகன் வந்து சேரவேண்டியிருந்தமையால், உடல் இரண்டு நாட்கள் வாடகைக்கு எடுத்த ஐஸ் பெட்டியில் வைக்கப்பட்டிருந்தது. பெட்டியின் மோட்டார் இரைச்சலுக்கு மேலாகக் குரலை உயர்த்தி அருளுரை ஆற்றிய இளம் போதகர், ஒரு கதையைச் சொன்னார். தஞ்சையில் ஊழியம் செய்த ஷ்வார்ட்ஸ் ஐயர் இறந்துபோனார்; உடலைச் சவப்பெட்டியில் வைத்து மூடினார்கள்; அவருக்கு மிகவும் பிரியமான பாட்டைச் சபையார் பாடத் தொடங்கினார்கள்; பாதிப் பாட்டில் பெட்டிக்குள்ளிருந்து ஒரு குரல் சேர்ந்து பாடிற்று; திறந்து பார்த்தால் ஐயர் உயிரோடிருந்தார். 'இதற்குப் பின்னும் உயிர்த்தெழுதல் இல்லையென்று யார் சொல்லக்கூடும்?' என்று போதகர் முடித்தார். கூடியிருந்தோர் பலர் கண்களைத் துடைத்துக்கொண்டனர். நாமும் நெகிழ்ந்தோம் என்பதை மறைப்பதற்கில்லை.

இதே கதையை அம்பத்தூரில் ஒருமுறையும் பூந்தமல்லியில் ஒருமுறையும் கேட்டிருக்கிறோம். அம்பத்தூரில் அது தஞ்சையில் நடந்ததாயிருந்தது. பூந்தமல்லியில் தில்லியில் நடந்ததாயிற்று. ஷ்வார்ட்ஸ் தில்லியில் ஊழியம் செய்தவர் அல்லர். 1750இல் தரங்கம்பாடிக்கு வந்துசேர்ந்து, திருச்சியிலும் தஞ்சையிலும் உழைத்து, 1798 பிப்ரவரி 13ஆம் நாள் தஞ்சையில் கண்மூடியவர் அவர். ஊர் இவ்வளவு எளிதாக மாறுகிற கதையில் வேறு எவையெல்லாம் மாறியிருக்கும் என்று ஆராய்வது, அதைப் பிரசங்க மேடையில் பயன்படுத்துவோர் அனைவருக்கும் உரிய கடமை என்று கருதுகிறோம்.

முதலில் இக்கதையின் குலம் யாது எனக் காண்போம். இது மிஷனெரி சரித்திரங்களிலிருந்து நம் மேடைக்கு வந்ததன்று. உயிருடன் புதைக்கப்பட்டோரையும், மயிரிழையில் தப்பினோரையும் பற்றி மேனாட்டில் தொகுக்கப்பட்ட திரட்டுகள் பல உண்டு. அவற்றில் 'கீழ்த்திசை மிஷனெரி ஷ்வார்ட்ஸ்' ஓரிரு வரிகளில் வந்துபோகிறார். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கிப் பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் ஐரோப்பாவைப் பிடித்தாட்டிய ஓர் அச்சத்தின் பிள்ளைகள் அத்திரட்டுகள். 1896இல் லண்டனில் வெளியான டெப், வோலம் ஆகிய இருவரின் நூல் அவற்றுள் பெயர்பெற்றது. உயிருடன் புதைக்கப்பட்டோர் 149 பேர், புதைகுழியின் விளிம்பில் தப்பியோர் 219 பேர் என்று கணக்கே கொடுத்தது அது. செய்தித்தாளில் வந்ததும், யாரோ யாருக்கோ எழுதியதும், ஊர்ப்பேச்சும் அக்கணக்கில் ஒரே எடையுடன் நிற்கின்றன. திரட்டுவோனுக்கு எண்ணிக்கை பெருகினால் போதும். ஒவ்வொன்றின் வேரையும் தோண்டிப் பார்க்க அவனுக்குப் பொழுதில்லை.

அந்த அச்சம் வெறும் பேச்சோடு நிற்கவில்லை, கருவிகளாகவும் உருப்பெற்றது. 1792இல் இறந்த பிரன்ஸ்விக் கோமகன் ஃபெர்டினாண்ட், தம் சவப்பெட்டிக்கு ஒரு சன்னலும் காற்றுக்குழாயும் வைக்கச் செய்து, உள்ளிருந்தே திறக்கும் பூட்டும் அமைத்து, சாவியைத் தம் பிணஆடையின் பையில் வைக்கச் சொன்னார். அதே காலத்தில் ஹூஃபெலாண்ட் என்னும் மருத்துவரின் முயற்சியால் வைமார் நகரில் பிணங்களைக் காத்து வைக்கும் மண்டபம் ஒன்று எழுந்தது. உடல் அழுகத் தொடங்கும்வரை வெதுவெதுப்பான அறையில் கிடத்தி வைப்பார்கள். காவலாளி ஒருவன் விழித்திருப்பான். மியூனிக்கில் இத்தகைய மண்டபத்தில் பிணத்தின் விரலில் கயிறு கட்டி மணியோடு இணைத்திருந்தார்கள். அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வெய்ன் அம்மண்டபத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். 1897இல் ரஷ்யப் பிரபு கார்னிசு-கார்னிஸ்கி செய்த கருவியே இவற்றுள் நுட்பம் மிக்கது. பிணத்தின் மார்பின்மேல் ஒரு கண்ணாடி உருண்டை இருக்கும், மார்பு சற்றே அசைந்தாலும் விசை விடுபட்டு, மண்ணுக்கு மேல் நீண்ட குழாய் திறந்து காற்றும் ஒளியும் உள்ளே செல்லும், கொடி உயரும், மணி ஒலிக்கும்.

இவை ஏன் தோற்றன என்பதைப் போதகர்கள் அறிந்திருப்பது நலம். இறந்த உடல் அசையாமல் கிடப்பதில்லை. அழுகும்போது உள்ளே வாயு பெருகி வயிறும் மார்பும் உப்புகின்றன. கைகால்கள் இடம் பெயர்கின்றன. எனவே கயிறு இழுபட்டது, மணி அடித்தது, காவலாளி ஓடினான். அங்கே கிடந்ததோ பிணமே. இம்மண்டபங்களில் ஒருவரேனும் உயிர்பெற்று எழுந்ததாக உறுதியான சான்று இல்லை. அச்சத்தைத் தணித்தது மணியன்று, மருத்துவர் கழுத்தில் தொங்கிய குழல். லென்னெக் 1816இல் கண்ட இதயத்துடிப்புமானியைக் கொண்டு, துடிப்பு நின்றதை உறுதிசெய்தாலே மரணத்தை உறுதிசெய்யலாம் என்று பிரெஞ்சு மருத்துவர் பூஷூ வாதிட்டார். பிரெஞ்சு அறிவியல் கழகம் அவருக்குப் பரிசளித்தது.

இனி நம் தஞ்சைக்கு வருவோம். ஷ்வார்ட்ஸின் இறுதி நாட்களைப் பற்றி உடனிருந்தோர் எழுதிய கடிதங்கள் உள்ளன. பின்வந்த சரித்திரங்கள் அவற்றையே ஆதாரமாகக் கொண்டன. அவற்றின்படி, கடைசி நாளில் அவர் கண்களை மூடி அசைவற்றுக் கிடந்தார். உயிர் பிரிந்துவிட்டதென்றே சுற்றியிருந்தோர் எண்ணினர். சென்னை வேப்பேரியிலிருந்து வந்திருந்த கெரிக்கே ஐயர், நண்பருக்குப் பிரியமான ஜெர்மானியப் பாட்டொன்றைப் பாடத் தொடங்கினார். முதலடி முடிந்து அடுத்ததைத் தொடங்கியபோது, போனவர் என்று கருதப்பட்டவர் தெளிந்த குரலில் சேர்ந்து பாடினார். பிறகு சிறிது நேரத்தில் மரித்தார். இவ்வளவே நிகழ்ந்தது. பெட்டி இல்லை, மூடியும் இல்லை. அது ஒரு படுக்கை. சுற்றிலும் வளர்ப்பு மகனைப் போன்ற கோல்ஹாஃப் முதலான ஊழியரும் தமிழ் உதவியாளரும் இருந்தார்கள்.

அடக்கம் மறுநாள் நடந்தது. சரபோஜி மன்னர் இன்னொருமுறை முகத்தைப் பார்க்கவேண்டுமென்று விரும்பியதால், குறித்த நேரம் சற்றுத் தள்ளிப்போடப்பட்டது. அவர் வந்து உடலருகே கண்ணீர் சிந்தி, பொற்சரிகைத் துணியால் போர்த்தினார். உடலை ஆலயத்துக்குக் கொண்டுசெல்லும்போது ஒரு பாட்டுப் பாட ஊழியர்கள் எண்ணியிருந்தார்கள். ஆனால் தோட்டம் நிறையத் திரண்டிருந்த ஏழை மக்களின் அழுகுரல் அதற்கு இடங்கொடுக்கவில்லை. பாட்டு கைவிடப்பட்டது.

இவ்விடத்தைத்தான் நம் வாசகர் நின்று நோக்கவேண்டும். உடலுக்கு முன்னே பாடப்பட்ட பாட்டினால் ஐயர் எழுந்தார் என்கிறது கதை. உடலுக்கு முன்னே பாட எண்ணிய பாட்டைப் பாடவே முடியவில்லை என்கிறது கடிதம். கதை உருவான விதத்தை இதிலிருந்து ஒருவாறு ஊகிக்கலாம். படுக்கையருகே பாடப்பட்ட பாட்டும், அடக்கத்தில் பாட எண்ணிய பாட்டும் சொல்வோர் நாவில் ஒன்றாய்ப் போயின. நடுவே இருந்த ஒரு நாள் உதிர்ந்தது. படுக்கை இருந்த இடத்தில் பெட்டி வந்து சேர்ந்தது. கடைசியில், மேனாட்டு வாசகனுக்குத் தெரிந்த இந்திய ஊர்ப்பெயர் தில்லியாகையால், தஞ்சையும் மறைந்தது. இவ்வளவு மாற்றத்திலும் மிக வருந்தத்தக்கது எதுவென்றால், அழுத ஏழைகள் கதையிலிருந்து முற்றிலும் நீக்கப்பட்டதே. அவர்கள் இருந்தால் பெட்டிக்குள்ளிருந்து வரும் குரல் எவர் காதிலும் விழுந்திராது அல்லவா?

தஞ்சைச் சிறிய கோட்டையிலுள்ள ஷ்வார்ட்ஸ் ஆலயத்தில், சரபோஜி மன்னர் ஃபிளாக்ஸ்மன் என்னும் ஆங்கிலச் சிற்பியைக் கொண்டு செய்வித்த பளிங்குச் சிற்பம் இருக்கிறது. மாணவர் பலர் அதைப் பார்த்திருப்பர். கிடக்கும் ஊழியரின் கையை மன்னர் பற்றியிருக்கிறார், தலைமாட்டில் கெரிக்கே, கால்மாட்டில் பள்ளிச் சிறுவர் மூவர். நோயுற்றவரை மன்னர் முன்னர்க் காண வந்ததையும் பின்னர் உடலைக் காண வந்ததையும் சிற்பி ஒரே காட்சியில் அடக்கிவிட்டார் என்றே எமக்குத் தோன்றுகிறது. சிற்பத்துக்கு அவ்வுரிமை உண்டு. ஆயினும் நோய்ப் படுக்கையைச் சுற்றி மனிதர் நிற்கிறார்கள் என்ற உண்மையை அவர் விட்டுவிடவில்லை. ஏழைகள் அங்கேயும் இல்லை, அக்குறையையும் சொல்லியாகவேண்டும்.

ஒரு கதை சற்றுத் திரிந்தால் என்ன கேடு, கேட்போர் விசுவாசத்தில் உறுதிப்படுகிறார்களே என்று சிலர் கேட்கலாம். இக்கதையைப் பொறுத்தவரை கேடு பெரிது. உயிருடன் புதைக்கப்படும் அச்சம் உச்சத்திலிருந்த அதே ஜெர்மானிய நாட்டில்தான், ஹைடல்பர்க் பேராசிரியர் பவுலுஸ் 1828இல் தம் 'இயேசுவின் வாழ்க்கை' நூலை வெளியிட்டார். யவீருவின் மகளும், நாயீன் ஊர் விதவையின் மகனும், லாசருவும் உண்மையில் இறக்கவில்லை, இறந்தவர் போலக் கிடந்தார்கள், இயேசு அவர்களைப் புதைகுழியிலிருந்து காத்தார் என்பது அவர் விளக்கம். இயேசுவும் சிலுவையில் மயங்கிக் கல்லறையின் குளிர்ச்சியில் தெளிந்தார் என்று அவர் சென்று முடிந்தார். தம் காலத்து மருத்துவர்களின் அச்சத்தையே அவர் நற்செய்தி நூல்களுக்குள் வாசித்தார். நம் இளம் போதகர் பவுலுஸைப் படித்துக் கண்டித்தவர்தாம். தேர்வில் அதற்கு மதிப்பெண்ணும் பெற்றிருப்பார். ஆனால் கல்லறைத் தோட்டத்தில் நின்று, இறக்காத ஒருவர் பாட்டுக் கேட்டுக் கண்விழித்ததை உயிர்த்தெழுதலுக்குச் சான்றாகக் காட்டும்போது, தாம் அறியாமலே பவுலுஸின் பக்கம் போய் நிற்கிறார். பாட்டினால் தெளிந்தவர் உயிர்த்தெழுந்தவர் ஆனால், உயிர்த்தெழுந்தவரும் தெளிந்தவர்தாம் என்று கேட்போருள் சிந்திக்கும் ஒருவர் சொல்லமாட்டாரா? மயக்கம் தெளிந்து, கட்டுப்போட ஆள் தேடித் தவழ்ந்துவந்த ஒருவரைக் கண்டு சீடர்கள் சாவை வென்றவர் என்று அறிக்கையிட்டிருக்க இயலாது என்று, திருச்சபைக்கு நண்பரல்லாத ஸ்ட்ராஸ் 1864இல் எழுதினார். அந்த நேர்மை நம் மேடையில் குறையலாகாது. லாசருவின் கதையில் நான்கு நாள் என்பதை யோவான் அழுத்திச் சொல்வதும், சகோதரி நாற்றத்தைப் பற்றிப் பேசுவதும் ஏன் என்பதை மாணவர்கள் இவ்வொளியில் மறுபடி வாசிப்பார்களாக.

ஐஸ் பெட்டிக்குத் திரும்புகிறோம். அம்பத்தூர், ஆவடி வட்டாரங்களில் அடக்கத்துக்கு முதலில் வருவது இப்போது அதுவே. போதகர் பின்னர்த்தான் வருகிறார். அதற்கும் கண்ணாடி மூடி உண்டு, கோமகன் ஃபெர்டினாண்டின் சன்னலைப் போல. உள்ளிருந்து திறக்கும் பூட்டு மட்டும் இல்லை. 2020 அக்டோபரில் சேலத்தில், இறந்துவிட்டதாகக் கருதப்பட்ட முதியவர் ஒருவர் இத்தகைய பெட்டியில் ஓர் இரவு முழுவதும் கிடத்தப்பட்டிருந்தார். மறுநாள் பெட்டியை எடுத்துச்செல்ல வந்த பணியாளரே அவர் உயிரோடிருப்பதைக் கண்டார். மருத்துவர் எவரும் மரணத்தை உறுதிசெய்திருக்கவில்லை. மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்ட அவர் சில நாட்களில் இறந்தார். 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின்கீழ், இறப்பைத் தெரிவிக்க 21 நாள் அவகாசம் உண்டு. ஆகவே வீட்டில் நிகழும் மரணத்தில் பதிவு பெரும்பாலும் அடக்கத்துக்குப் பின்னரே நடைபெறுகிறது. மருத்துவர் வந்து பார்த்தாரா என்ற கேள்வியைப் பெட்டி வருமுன்னர்க் கேட்கக்கூடியவர் எவர்? பல வீடுகளில் முதல் தொலைபேசி அழைப்பு போதகருக்கே வருகிறது. அப்போது அவர் கேட்க வேண்டிய கேள்வி அடக்க நேரத்தைப் பற்றியதாக இருக்கக்கூடாது.

இறந்தவரைப் பெயர் சொல்லி உரக்க அழைக்கும் வழக்கம் பழைய ரோமரிடம் இருந்தது. நம் ஒப்பாரியிலும் உண்டு. அதை அவிசுவாசிகளின் துக்கமென்று நம் சபைகள் நெடுநாளாக அடக்கிவந்திருக்கின்றன. பாட்டைச் சீக்கிரம் தொடங்கி அழுகையை நிறுத்துவது போதகரின் திறமையாகவே எண்ணப்படுகிறது. தஞ்சைத் தோட்டத்தில் நின்ற ஊழியர்களுக்கு அத்திறமை இருக்கவில்லை.

ஆவடியில் ஆராதனை முடிந்தபின் அந்த இளம் போதகரிடம் இவற்றை இதமாக எடுத்துரைத்தோம். அவர் சற்று வருந்தினார். பின்பு, 'அப்படியானால் ஷ்வார்ட்ஸ் ஐயரைப் பற்றி அடக்கத்தில் நான் எதைச் சொல்லலாம்?' என்று கேட்டார். ஆலயத்தில் அடக்கம் முடிந்ததும் தமிழ்க் கிறிஸ்தவர்கள் ஓர் அருளுரையை எதிர்பார்த்து நின்றார்கள் என்றும், கெரிக்கே ஐயருக்குச் சில சொற்களுக்குமேல் வாய் எழவில்லை என்றும் கடிதத்தில் இருப்பதை அவருக்குக் காட்டினோம். அவர் அதைத் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.