ஹபிப் தன்வீர்: ஒரு தப்பும் ஒரு பாக்கியும்

நடிகர், இயக்குநர் ஹபிப் தன்வீர் (1923–2009) என்றாலே லண்டனில் நாடகம் படித்தவர் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அவர் செய்த தப்பு.

1958இல் 'மிருச்சகடிக'த்தை இந்தியில் போட, சத்தீஸ்கர் கிராமத்து நாச்சாக் கலைஞர்கள் ஆறு பேரைத் தில்லிக்குக் கூட்டிப் போனார். இந்தி பேசு, இங்கே நில், இப்படித் திரும்பு என்று ஆட்டிவைத்தார். விடிய விடிய ஊரைச் சிரிக்கவைத்தவர்கள் மேடையில் விறைத்து நின்றார்கள். சேரிப் பேச்சு வாயில் வந்துவிடுமோ என்று பயந்தே எம்.ஏ. முடித்தவன் நான். அந்த விறைப்பு எனக்குத் தெரியும்.

கோளாறு தன்னிடம்தான் என்று அவர் ஒத்துக்கொண்டார். 1970களில் அவர்களைத் தாய்மொழியிலேயே பேசவிட்டார். 1975இல் வந்த 'சரண்தாஸ் சோர்' அப்படி எழுந்தது. 1982இல் எடின்பரோவில் பரிசும் வாங்கியது.

துப்புரவுப் பெண்ணை வைத்துத் தீண்டாமையைக் கேலி செய்யும் 'போங்கா பண்டித்' நாச்சாக்காரர்களின் பழைய நாடகம். 1990களிலிருந்து இந்துத்துவக் கும்பல்கள் தாக்கியபோதும் அதை அவர் விடவில்லை. இந்தத் துணிச்சலை மதிக்கிறேன்.

ஆனாலும் கேட்கிறேன்: ஒத்திகையில் நடிகர்கள் வாயிலும் உடம்பிலும் பிறந்த நாடகத்துக்கு ஆசிரியர் என்று யார் பேர் நிக்குது? ஃபிதா பாயும் கோவிந்த்ராம் நிர்மல்கரும் வெறும் 'தன்வீரின் நடிகர்கள்'தானா?

பறித்த பாஷையைத் திருப்பிக் கொடுத்தார், சரி. ஆக்கியவர்கள் என்ற பேர் இன்னும் பாக்கி. அதை நாமாவது எழுதித் தீர்க்கணும்.