ஒரு போர், மூன்று தானக்கணக்கு

சூளவம்சத்தின் 76, 77ஆம் அத்தியாயங்களைப் படிச்சு முடிச்சா மனசுல ஒண்ணுதான் நிக்கும்: இலங்கை மன்னன் முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) பாண்டிய நாட்டை முழுசா ஜெயிச்சுட்டான்.

கதை இதுதான். மதுரையில் பங்காளிச் சண்டை. குலசேகர பாண்டியனை எதிர்க்கப் பராக்கிரம பாண்டியன் இலங்கையிடம் உதவி கேட்கிறான். படை வந்து சேர்வதற்குள் கொல்லப்படுகிறான். தளபதி லங்காபுரன் இராமேசுவரத்தைப் பிடித்து, ஊர் ஊராக வென்று, இறந்தவனின் மகன் வீரபாண்டியனை அரியணையில் அமர்த்துகிறான். சிறைபிடித்த தமிழர்களைக் கொண்டு அனுராதபுரத்தின் பெரிய தாதுகோபம் பழுதுபார்க்கப்படுகிறது. வெற்றியின் நினைவாகப் பாண்டுவிஜயம் என்றொரு ஊர், பிராமணர்களுக்குத் தானம். அத்தோடு சரி.

லங்காபுரன் என்ன ஆனான்? சூளவம்சம் வாய் திறக்கவில்லை. பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டு சொல்கிறது: சோழப்படை அவனைக் கொன்று, தலையை மதுரை வாசலில் ஆணியடித்து வைத்தது.

இந்த இடம் வந்ததும் "ஏடு பொய், கல்லே உண்மை"ன்னு இணையத்தில் தீர்ப்பு எழுதிடறாங்க. எனக்கு அதில் உடன்பாடில்லை. காஞ்சிபுரம் பக்கத்து ஆர்ப்பாக்கம் கல்வெட்டைப் பாருங்கள். இலங்கைப்படை தோற்று ஓடியதற்கு அது தரும் காரணம், உமாபதி தேவர் என்ற சைவ ஆசாரியர் 28 நாள் செய்த பூசை. அதற்காக ஆர்ப்பாக்கம் ஊரே அவருக்குக் கொடை. பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டும் இறந்துபோன ஒரு சோழ அதிகாரியின் குடும்பத்துக்கு நிலம் விட்ட ஆவணம்தான்.

ஆக, மூணும் தானத்துலதான் போய் நிக்குது. யாருடைய புண்ணியத்தை, யாருடைய உழைப்பைப் பதிவுசெய்யணுமோ அதற்கு எவ்வளவு போர் தேவையோ, அவ்வளவு போர்தான் ஒவ்வொன்றிலும் வருகிறது. சூளவம்சம் நிறுத்தும் இடத்தைத் தோல்வியை மறைத்த இடமாக மட்டும் பார்த்தால் போதாது. அரசனின் அறக்கணக்கு நிறைவாகும் இடமும் அதுதான்.

இதெல்லாம் எதுக்குன்னு கேட்கலாம். இந்தப் போரைத்தான் இரண்டு பக்கமும் "அன்றைக்கே சிங்களர்–தமிழர் பகை" என்பதற்குச் சாட்சியாக இழுக்கிறார்கள். ஆனால் இலங்கைப் படையைக் கூப்பிட்டதே ஒரு பாண்டியன். அதோடு, திருவாலங்காட்டுக் கல்வெட்டின்படி, பிறகு பராக்கிரமபாகு அதே குலசேகரனோடு கைகோத்தான்; சோழர்கள் வீரபாண்டியன் பக்கம் சாய்ந்தார்கள். அப்படியே தலைகீழ்! சூளவம்சத்தில் இந்தத் திருப்பமே கிடையாது. ஒரே மூலத்தை வைத்துக்கொண்டு பேசுபவருக்கு நிரந்தர எதிரி கிடைப்பான். மூன்று நான்கைச் சேர்த்துப் படித்தால், ஆளுக்கும் நேரத்துக்கும் தகுந்தபடி கூட்டு மாற்றிக்கொண்ட அண்டை அரசர்கள்தான் தெரிகிறார்கள்.